மார்பகப் புற்றுநோய்: மருத்துவ ஆய்வில் சேரலாமா? எங்கே கேட்பது, என்ன கேட்பது?



சில வாரங்களுக்கு முன் அசர் தொழுகை முடிந்து அலுவலகத்தைத் திறந்த நேரம், நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு சகோதரி மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். கையில் ஒரு மஞ்சள் பை. பைக்குள் ஸ்கேன் படங்கள், பயாப்சி ரிப்போர்ட், கூடவே பதினாறு பக்கத்துக்குத் தமிழில் அச்சடித்த ஒரு படிவம். வெளியூரில் ஒரு பெரிய மருத்துவமனையில் கொடுத்தார்களாம். "இதுல கையெழுத்துப் போடலாமாண்ணே? என்னய வச்சு மருந்தைச் சோதிச்சுப் பாக்காங்களா?" என்று கேட்டார். மகன் குறுக்கிட்டு, "எலிக்குப் போடுற ஊசிய எங்கம்மாவுக்குப் போடப் பாக்காங்க, வேண்டாம்னுட்டு வந்துட்டோம்" என்றான். அந்தப் பிள்ளை விசைத்தறியில் வேலை பார்க்கிறான். தாய் மேல் உள்ள பாசத்தில்தான் சொன்னான். ஆனால் படிவத்தின் முதல் பக்கத்தைத் தாண்டி இருவருமே படிக்கவில்லை.

அன்று மஃரிப் பாங்கு சொல்லும்வரை உட்கார்ந்து பதினாறு பக்கத்தையும் வாசித்துச் சொன்னேன். அவர் என்ன முடிவெடுத்தார் என்பது அவருடைய சொந்த விஷயம், இங்கே எழுதப் போவதில்லை. ஆனால் இதே கேள்வி இன்னும் பல வீடுகளுக்கு வரும் என்பதால் இந்த இதழில் விவரமாக எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. படித்ததையும், நம் ஊர் நோயாளிகளோடு பாளையங்கோட்டை, மதுரை, திருவனந்தபுரம், அடையாறு என்று அலைந்ததில் தெரிந்துகொண்டதையும் சொல்கிறேன். சிகிச்சை பற்றிய முடிவை உங்கள் டாக்டரோடு பேசித்தான் எடுக்க வேண்டும்.

'கிளினிக்கல் ட்ரையல்' என்று ஆஸ்பத்திரியில் சொல்வதைத்தான் இங்கே மருத்துவ ஆய்வு என்கிறேன். ஒரு மருந்தோ, ஆபரேஷன் முறையோ, கதிர்வீச்சு கொடுக்கும் விதமோ ஏற்கெனவே இருப்பதைவிட நல்லதா என்று நோயாளிகளின் சம்மதத்தோடு, எழுதி வைத்த திட்டப்படி பார்ப்பது. மருந்து என்றால் அதில் படிகள் உண்டு. முதல் கட்டத்தில் மிகச் சிலருக்குக் கொடுத்து, எவ்வளவு அளவு தாங்கும் என்று பார்ப்பார்கள். இரண்டாம் கட்டத்தில் நோயின் மேல் அது வேலை செய்கிறதா என்பது. மூன்றாம் கட்டத்தில் நூற்றுக்கணக்கில், சில சமயம் ஆயிரக்கணக்கில் ஆட்களைச் சேர்த்து, இப்போதுள்ள சிறந்த சிகிச்சையோடு புதியதை ஒப்பிடுவார்கள். நான்காவது, மருந்து கடைக்கு வந்த பிறகு நடக்கும் கண்காணிப்பு. நம் சகோதரியிடம் கொடுத்தது மூன்றாம் கட்டம். 'எலிக்குப் போடுற ஊசி' மூன்றாம் கட்டத்துக்கு வருவதற்குள் பல வருடங்களும் பல மனிதர்களும் கடந்துபோயிருப்பார்கள். முதல் கட்டத்துக்கும் மூன்றாம் கட்டத்துக்கும் ஆபத்தில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. அதனால் படிவம் கையில் வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது இது எத்தனையாவது கட்டம் என்பதைத்தான்.

இந்த ஆய்வுகளால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கு நம் நாட்டிலேயே பதில் இருக்கிறது. மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் டாக்டர் ராஜேந்திர பட்வே தலைமையில் ஓர் ஆய்வு நடந்தது. மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்யும்போது, கத்தி வைப்பதற்கு ஏழு முதல் பத்து நிமிடத்துக்கு முன்னால், கட்டியைச் சுற்றி லிக்னோகேய்ன் ஊசி போட்டார்கள். பல் பிடுங்குவதற்கு முன் மரத்துப்போகப் போடுவார்களே, அதே மருந்துதான். 2011 முதல் 2022 வரை, இந்தியாவில் 11 மருத்துவமனைகளில், 1,600 பெண்கள் சேர்ந்தார்கள். பாதிப் பேருக்கு ஊசி, பாதிப் பேருக்கு ஊசி இல்லாமல் வழக்கமான ஆபரேஷன். மற்ற சிகிச்சை எல்லாம் இருவருக்கும் ஒன்றுதான். ஆறு ஆண்டுகள் கழித்துக் கணக்குப் பார்த்தபோது ஊசி போடாதவர்களில் நூற்றுக்கு 86.4 பேர் உயிரோடு இருந்தார்கள், போட்டவர்களில் 90.1 பேர். நூறு பெண்களுக்கு ஏறக்குறைய நான்கு உயிர் கூடுதல். அந்த ஊசி விலையுயர்ந்த கம்பெனி மருந்து அல்ல, எந்தச் சின்ன ஆஸ்பத்திரியிலும் அலமாரியில் இருப்பது. இதில் லாபம் பார்க்க எந்தக் கம்பெனியும் இல்லை, ஆகவே எந்தக் கம்பெனியும் பணம் போட்டு ஆராயவும் போவதில்லை. அந்த 1,600 பெண்கள் 'சரி' என்று சொன்னதால்தான் இது உலகத்துக்குத் தெரிய வந்தது. 2023ல் பெரிய மருத்துவ இதழில் வெளியானது.

அதே மருத்துவமனையின் இன்னோர் ஆய்வு இதற்கு நேர்மாறான பாடம். நோய் ஏற்கெனவே எலும்புக்கோ ஈரலுக்கோ பரவிய நிலையில் வரும் பெண்களுக்கு மார்பகத்தை எடுத்தால் ஆயுள் கூடுமா என்ற கேள்வி. 2005 முதல் 2013 வரை 350 பெண்களைச் சேர்த்துப் பார்த்தார்கள். ஆபரேஷன் செய்தவர்களுக்கும் செய்யாதவர்களுக்கும் ஆயுளில் வித்தியாசம் இல்லை. 2015ல் வெளியான இந்த முடிவால், அந்த நிலையில் இருக்கும் எத்தனையோ பெண்களுக்குப் பலன் தராத ஒரு பெரிய ஆபரேஷன் மிச்சம். 'புதுசு எல்லாம் நல்லது' என்றும் சொல்ல முடியாது, 'அதிகம் செய்தால் அதிகம் பலன்' என்றும் சொல்ல முடியாது. சோதித்துப் பார்த்தால்தான் தெரியும்.

மார்பகத்தை முழுவதும் எடுக்காமல் கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு கொடுப்பதும் இப்படி வந்ததுதான். இத்தாலியின் மிலான் நகரில் டாக்டர் உம்பர்த்தோ வெரோனேசி 1973 முதல் 1980 வரை, சிறிய கட்டி உள்ள 701 பெண்களை வைத்துச் செய்த ஆய்வில், இருபது வருடம் கழித்தும் இரு பிரிவினரின் ஆயுளும் ஒன்றாகவே இருந்தது. அதற்கு முன்னால் கட்டி எவ்வளவு சின்னதாக இருந்தாலும், மார்பு தசையோடு சேர்த்து வழித்தெடுப்பதுதான் வழக்கம். நம் பெண்களில் பலர் கட்டியை மறைத்து வைப்பதே அந்தப் பயத்தில்தான். பயப்படுகிற சகோதரிகளுக்கு இதைச் சொல்லுங்கள்.

இப்போது இன்னொரு பக்கம். பயப்படுபவர்கள் காரணமில்லாமல் பயப்படவில்லை. நமக்குப் பக்கத்து மாநிலத்தில் ஒரு புற்றுநோய் மருத்துவமனையில், வாய்ப் புற்றுநோய் நோயாளிகளுக்கு முறையான சம்மதமும் அனுமதியும் இல்லாமல் ஒரு ரசாயனத்தை ஊசியாகப் போட்டது 2001ல் வெளியே வந்து பெரும் கண்டனத்துக்கு உள்ளானது. அதில் சம்பந்தப்பட்ட அமெரிக்கப் பல்கலைக்கழகமே விசாரித்து, தன் விஞ்ஞானி தகுந்த அனுமதி பெறாமல் செய்துவிட்டார் என்று ஒப்புக்கொண்டது. இந்தூரைச் சேர்ந்த ஸ்வாஸ்த்ய அதிகார் மஞ்ச் என்ற அமைப்பு, ஏழைகள் மேல் சம்மதமில்லாமல் மருந்துச் சோதனை நடக்கிறது என்று 2012ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அந்த வழக்கும் அதைத் தொட்டு வந்த கண்டனங்களும்தான் சட்டத்தை இறுக்கின. இப்போது நடைமுறையில் இருப்பது 2019 மார்ச்சில் வந்த 'புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகள்'. அதில் நமக்கு என்ன உரிமை இருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால், பாதிப் பயம் போய்விடும். மீதிப் பயம் இருக்கட்டும், அது கேள்வி கேட்க வைக்கும்.

ஒவ்வோர் ஆய்வையும் ஒரு 'எத்திக்ஸ் கமிட்டி', அதாவது நெறிமுறைக் குழு, முன்கூட்டியே பார்த்து அனுமதிக்க வேண்டும். அதில் குறைந்தது ஏழு பேர். டாக்டர்கள் மட்டும் இருந்தால் போதாது, மருத்துவம் படிக்காத ஒரு பொதுஜனமும், குறைந்தது ஒரு பெண்ணும் இருக்க வேண்டும். பாதிப் பேர் அந்த மருத்துவமனையைச் சேராதவர்களாக இருக்க வேண்டும். நோயாளிக்குப் புரியும் மொழியில் விளக்கத் தாளைத் தர வேண்டும். கையெழுத்து வாங்கிய பிறகு அதன் ஒரு பிரதி நோயாளியிடம் இருக்க வேண்டும். வாசிக்கத் தெரியாதவராக இருந்தால், ஆய்வில் சம்பந்தமில்லாத ஒரு சாட்சி முன்னிலையில் வாசித்துக் காட்டி, சாட்சியும் கையெழுத்துப் போட வேண்டும். ஆய்வால் உடலுக்குக் கெடுதல் வந்தால் இலவச வைத்தியம் பார்ப்பது ஆய்வு நடத்துபவர் பொறுப்பு. ஆய்வின் காரணமாக நிரந்தர ஊனமோ மவுத்தோ ஏற்பட்டால் நஷ்டஈடு உண்டு. அதற்கு 8 லட்சம் ரூபாயை அடிப்படையாக வைத்து, வயதையும் நோயின் தீவிரத்தையும் பொறுத்துக் கணக்கிடும் சூத்திரத்தை விதியிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது: எப்போது வேண்டுமானாலும், காரணம் சொல்லாமல் விலகிக்கொள்ளலாம். விலகினால் அந்த மருத்துவமனையில் கிடைக்கும் வழக்கமான சிகிச்சையை நிறுத்தக் கூடாது. 'டாக்டரய்யா கோபிச்சுக்கிடுவார்' என்று நம் ஆட்கள் வாய் மூடி இருப்பதை நேரில் பார்த்திருக்கிறேன். கோபித்தால் கோபிக்கட்டும்.

சம்மதம் யாருடையது? நம் வீடுகளில் நடப்பது எல்லோருக்கும் தெரியும். டாக்டர் கணவரிடம் பேசுவார், கணவர் மச்சானிடம் கேட்பார், மகன் போனில் சவூதியிலிருந்து ஒரு கருத்துச் சொல்வான். நோய் யாருக்கோ அவரிடம் யாரும் கேட்பதில்லை. புத்தி சுவாதீனமுள்ள, வயது வந்த பெண்ணுக்குப் பதிலாகக் கணவர் கையெழுத்துப் போட்டால் சட்டப்படி அது செல்லாது. மார்க்கத்தின் பார்வையும் இதுவே. ஜித்தாவில் உள்ள சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 1992 மே மாதம் கூடிய ஏழாவது அமர்வில் மருத்துவ சிகிச்சை பற்றி ஒரு தீர்மானம் போட்டது. மருத்துவ ஆய்வுக்கு முழுத் தகுதியுள்ள அந்த நபரின் சம்மதம் வேண்டும், கைதிகளிடம் போல நிர்ப்பந்தமோ ஏழைகளிடம் போலப் பண ஆசை காட்டுவதோ அதில் கலந்திருக்கக் கூடாது, ஆய்வால் தீங்கு நேரக் கூடாது என்பது அதன் சாரம். ஏழைகளைத் தனியாகக் குறிப்பிட்டிருப்பதைக் கவனியுங்கள். உலகத்து உலமாக்கள் ஜித்தாவில் உட்கார்ந்து யோசித்தது சங்கரன்கோவில் தறிக்காரர் வீட்டுக்கும் பொருந்துகிறது. குடும்பத்தோடு ஆலோசனை செய்வது நல்ல வழக்கம், அதை விட வேண்டாம். ஆனால் கடைசிச் சொல் அந்தப் பெண்ணுடையதாக இருக்கட்டும்.

இன்னொன்றும் கேட்கிறார்கள். கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்டு, யாருக்குப் புது மருந்து, யாருக்குப் பழைய மருந்து என்று முடிவு செய்கிறதாமே, இது சூதாட்டம் மாதிரி இல்லையா? இல்லை. சூதில் ஒருவன் பொருள் இன்னொருவனுக்குப் போகும். இது குர்ஆ. உரிமையில் சமமாக இருப்பவர்களுக்கு இடையே பாரபட்சம் வராமல் சீட்டுப் போடுவது. நபி (ஸல்) அவர்கள் பயணம் புறப்படும்போது தம் மனைவியரில் யாரை அழைத்துச் செல்வது என்று சீட்டுப் போட்டதை மக்தப் பிள்ளைகளே அறிவார்கள். டாக்டரே தேர்ந்தெடுத்தால், தெம்பாக இருப்பவருக்குப் புது மருந்தும் தளர்ந்தவருக்குப் பழையதும் கொடுத்துவிடுவார், முடிவு பொய்யாகிவிடும். அதற்காகத்தான் குலுக்கல். 'எனக்குப் புது மருந்துதான் வேண்டும்' என்று கேட்டு வாங்க முடியாது என்பதையும் சேருமுன் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். பழைய மருந்துப் பக்கம் விழுந்தவருக்கு வெறும் மாவு மாத்திரை கொடுத்து ஏமாற்றுவார்கள் என்ற பேச்சும் இருக்கிறது. நல்ல சிகிச்சை இருக்கும் புற்றுநோயில் அதைக் கொடுக்காமல் வைத்திருப்பதை நெறிமுறைக் குழு ஒத்துக்கொள்ளாது. வழக்கமான சிகிச்சை இருவருக்கும் உண்டு. மாவு மாத்திரை இருந்தால், அந்தச் சிகிச்சைக்கு மேலாகச் சேர்ப்பதாகத்தான் பெரும்பாலும் இருக்கும். அப்படி இருந்தால் படிவத்தில் எழுதியிருக்க வேண்டும்.

சரி, எங்கே தேடுவது? டெல்லியில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கீழ் 2007 ஜூலையில் தொடங்கிய 'இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடு' இருக்கிறது. சுருக்கமாக சி.டி.ஆர்.ஐ. 2009 ஜூன் முதல் இதில் பதிவது கட்டாயம். 2018 ஏப்ரல் முதல், ஆய்வில் முதல் ஆளைச் சேர்ப்பதற்கு முன்பே பதிந்துவிட வேண்டும். இணையத்தில் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பார்க்கலாம். கல்லூரியில் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் போதும். 'பிரெஸ்ட் கேன்சர்' என்று ஆங்கிலத்தில் அடித்தால் பெரிய பட்டியல் வரும். மலைக்க வேண்டாம். ஒவ்வொன்றிலும் பார்க்க வேண்டியவை சிலதான். இந்தியாவில் ஆள் சேர்க்கும் நிலை 'ஓபன்' என்று இருக்கிறதா, எந்தெந்த மருத்துவமனைகளில் நடக்கிறது, யாரைச் சேர்ப்பார்கள், யாரைச் சேர்க்க மாட்டார்கள். பொதுமக்கள் கேள்வி கேட்க ஒருவரின் பெயரும் போன் எண்ணும் அதிலேயே இருக்கும். உங்களிடம் யாராவது படிவம் நீட்டினால், "சி.டி.ஆர்.ஐ. நம்பர் என்ன?" என்று கேளுங்கள். பதிவு நம்பர் சொல்ல முடியாத ஆய்வில் கையெழுத்துப் போட வேண்டாம்.

பட்டியலைப் பார்ப்பதைவிட நேரடி வழி, ஆய்வு நடக்கும் மருத்துவமனைக்கே போவது. நமக்கு எட்டும் தூரத்தில் திருவனந்தபுரம் ஆர்.சி.சி. இருக்கிறது. செங்கோட்டை, புளியரை வழியாகப் போகலாம். பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறினால் காலையில் சென்னை. அங்கே டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954ல் தொடங்கி, டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தா அம்மாவும் வளர்த்த அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. வேலூர் சி.எம்.சி., புதுச்சேரி ஜிப்மர் ஆகியவையும் ஆய்வுகள் நடக்கும் இடங்கள். டாடா மருத்துவமனை ஒருங்கிணைக்கும் 'தேசிய புற்றுநோய் கூட்டமைப்பு' என்று ஒன்று 2012 முதல் இருக்கிறது. நாடெங்கும் உள்ள புற்றுநோய் மருத்துவமனைகள் ஒரே தரத்தில் சிகிச்சை தருவதும் சேர்ந்து ஆய்வு செய்வதும் அதன் வேலை. உங்கள் மருத்துவமனை அதில் இருக்கிறதா என்று கேட்கலாம். ரயிலில் போகிறவர்களுக்கு ஒரு விஷயம்: சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பர் வகுப்பிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் டிக்கெட் இலவசம், துணைக்கு வரும் ஒருவருக்கு முக்கால் பங்கு சலுகை. மருத்துவமனையில் அதற்கான சான்றிதழை வாங்கி ஸ்டேஷனில் கொடுக்க வேண்டும். இது தெரியாமல் நம் ஆட்கள் முழுக் காசு கொடுத்துப் போய்வருகிறார்கள்.

இங்கே நான் சொல்லியே ஆக வேண்டிய ஒன்று இருக்கிறது. என் சொந்த அக்காவுக்கு மார்பில் கட்டி வந்தது. பக்கத்து ஊர் ஒன்றில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் காட்டினோம். "சாதாரணக் கட்டிதான்" என்று சொல்லி, பயாப்சி எடுக்காமலே வெட்டி எடுத்தார்கள். எடுத்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்பவில்லை. நாங்களும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தெரியாது, நான் பட்டம் வாங்கியவன்தான். எட்டு மாதத்தில் அதே இடத்தில் திரும்ப வந்தது. அப்புறம்தான் பெரிய மருத்துவமனைக்குப் போனோம். அங்கே அந்த டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, "முதல்ல எடுத்த கட்டியோட பிளாக் எங்கே?" எங்களிடம் என்ன இருந்தது? டிஸ்சார்ஜ் சீட்டு ஒன்று. அதில் 'கட்டி அகற்றப்பட்டது' என்று ஒரே வரி. அந்த மருத்துவமனையில் அக்காவின் நோய்க்குப் பொருந்தும் ஓர் ஆய்வு அப்போது நடந்துகொண்டிருந்தது. ஆனால் ஏற்கெனவே ஆபரேஷன் ஆனவர்களை அதில் எடுக்க மாட்டார்கள். வழக்கமான சிகிச்சை கொடுத்தார்கள், நன்றாகவே கவனித்தார்கள். மூன்று வருடம் இருந்து அக்கா மவுத்தானார். அல்லாஹ் அவருடைய கப்ரை விசாலமாக்குவானாக. ஆய்வில் சேர்ந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று நான் சொல்ல மாட்டேன், அப்படிச் சொல்ல யாராலும் முடியாது. ஆனால் அந்தக் கதவு இருந்ததே எங்களுக்குத் தெரியாமல் அதை நாங்களே அடைத்துவிட்டுப் போனோம்.

ஆகவே கட்டி என்று தெரிந்ததும் வெட்டு முதலில் வேண்டாம், ஊசி பயாப்சி முதலில். பல ஆய்வுகளில் சிகிச்சை எதுவும் தொடங்காதவர்களை மட்டும்தான் சேர்ப்பார்கள். ஆபரேஷனும் கீமோவும் முடிந்த பிறகு "ஆய்வு ஏதாவது இருக்கா" என்று கேட்டால் பெரும்பாலான இடங்களில் இல்லை என்றுதான் பதில் வரும். பயாப்சி வந்ததும், கட்டிக்கு ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 என்ற மூன்று பரிசோதனைகளும் செய்திருக்கிறார்களா என்று பாருங்கள். ஐ.எச்.சி. ரிப்போர்ட் என்பார்கள். ஒரே மார்பகப் புற்றுநோய் என்று நாம் சொல்வது உண்மையில் பல நோய்கள். முதல் இரண்டும் இருந்தால் ஹார்மோன் மாத்திரை வேலை செய்யும். ஹெர்-2 இருந்தால் டிராஸ்டுசுமாப் ஊசி. இந்த ஊசியே மருத்துவ ஆய்வில் தேறி 1998ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2014ல் பெங்களூர் பயோகான் கம்பெனி அதற்கு நிகரான மருந்தை இங்கே கொண்டுவந்த பிறகு விலை குறைய வழி பிறந்தது. நிகரானதுதானா என்பதையும் நோயாளிகளைச் சேர்த்துச் சோதித்துத்தான் நிரூபிக்க வேண்டியிருந்தது. மூன்றுமே இல்லாவிட்டால் 'ட்ரிப்பிள் நெகட்டிவ்'. நம் நாட்டில் இளம் வயதுப் பெண்களிடம் இது அதிகம் தென்படுகிறது. டாடா மருத்துவமனையின் டாக்டர் சுதீப் குப்தா குழுவினர் 720 பெண்களிடம் ஆய்வு செய்து, வழக்கமான கீமோவோடு கார்போபிளாட்டின் என்ற பழைய, விலை மலிவான மருந்தைச் சேர்த்தால் 50 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு நல்ல பலன் என்று 2022 டிசம்பரில் அறிவித்தார்கள். எந்த வகை என்று தெரியாமல் எந்த ஆய்விலும் சேர முடியாது, சரியான சிகிச்சையும் கிடைக்காது. ரிப்போர்ட்டையும், மெழுகில் பதித்து வைக்கும் அந்தச் சதைத் துண்டையும், அதுதான் 'பிளாக்', பத்திரமாகக் கேட்டு வாங்குங்கள். அது உங்கள் சொத்து.

ஆய்வு என்றால் மருந்து மட்டும் என்று நினைக்க வேண்டாம். கதிர்வீச்சை எடுத்துக்கொள்ளுங்கள். முன்பு ஐந்து வாரம், அப்புறம் மூன்று வாரம். இங்கிலாந்தில் 4,096 பேரிடம் செய்த ஆய்வில், ஒரே வாரத்தில், ஐந்து நாளில் முடித்தாலும் பலன் குறையவில்லை என்று 2020ல் வந்தது. கொல்கத்தா டாடா மெடிக்கல் சென்டரிலும் ஒரு வாரம், மூன்று வாரம் என்று ஒப்பிட்டு ஆய்வு தொடங்கினார்கள். பாளையங்கோட்டைக்குத் தினம் பஸ் ஏறிப் போய்வரும் ஒரு தாய்க்கு இருபத்தைந்து நாளுக்கும் ஐந்து நாளுக்கும் உள்ள வித்தியாசம் என்ன என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பாதியில் நிறுத்திவிட்டவர்களை எனக்குத் தெரியும்.

செலவைப் பற்றி. ஆய்வு மருந்துக்கு நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது. ஆய்வுக்காகவே கூடுதலாக எடுக்கும் ஸ்கேன், ரத்தப் பரிசோதனை செலவு யாருடையது என்று படிவத்தில் எழுதியிருக்கும், கவனமாகப் பாருங்கள். வழக்கமான ஆபரேஷன், கீமோவுக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை உதவும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் வரை. தமிழ்நாட்டுக்கு வெளியே போவதானால் அட்டை அங்கே செல்லுமா என்று முன்கூட்டியே விசாரியுங்கள். பஸ், ரயில் செலவு தருவார்களா என்பதைக் கூச்சப்படாமல் கேளுங்கள், பல ஆய்வுகளில் தருகிறார்கள். அதற்கு மாறாக, "புது மருந்து, இவ்வளவு கட்டினால் ஆய்வில் சேர்த்துவிடுகிறேன்" என்று ஏஜென்ட் யாராவது வந்தால் அது ஆய்வே இல்லை. வாட்ஸ்அப்பில் வரும் கஷாயக் கதைகளும் அப்படியே. அந்தக் கஷாயத்தை எத்தனை பேரிடம் சோதித்தார்கள், எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று கேட்டால் பதில் வராது.

நம் பெண்கள் தனிப்பட கேட்கும் சிலவற்றையும் எழுதிவிடுகிறேன். சில வகை ஆய்வுகளில், முற்றிலும் புதிய மருந்தாக இருந்து, சேருபவர் எளிதில் வற்புறுத்தப்படக் கூடிய நிலையில் இருந்தால், விளக்கம் சொல்லிச் சம்மதம் வாங்குவதை வீடியோ எடுக்க வேண்டும் என்பது விதி. இது உங்களைக் காப்பாற்றத்தான், பின்னால் "எனக்குச் சொல்லவே இல்லை" என்று வழக்கு வந்தால் சாட்சி அது. பதிவு ரகசியமாக இருக்க வேண்டும். பெண் ஊழியர் எடுக்கட்டும், பெண் டாக்டர் பரிசோதிக்கட்டும் என்று கேட்பதில் தவறில்லை, பெரிய மருத்துவமனைகளில் ஏற்பாடு செய்கிறார்கள். கிடைக்காத இடத்தில் அவசியத்துக்கு ஆண் டாக்டரிடம் காட்டுவதை உலமாக்கள் தடுக்கவில்லை. இத்தாவில் இருக்கும் சகோதரி சிகிச்சைக்காக வெளியே போகலாம். அந்த நாள் முடியட்டும் என்று நாலு மாதம் கட்டியை வைத்துக்கொண்டு இருந்த ஒருவரை நான் அறிவேன், வேண்டாம். ரமலானில் மாத்திரை நேரத்தை நீங்களாக மாற்றினால் உங்கள் உடம்புக்கும் ஆய்வுக்கும் கெடுதல். நோயாளிக்கு நோன்பில் சலுகை உண்டு, டாக்டரிடமும் ஆலிமிடமும் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். பெரும்பாலான மருந்து ஆய்வுகளில் கர்ப்பம் தரிக்கக் கூடாது என்று நிபந்தனை இருக்கும். இளம் வயதுத் தம்பதிகள் இதைச் சேருவதற்கு முன்பே பேசிக்கொள்ள வேண்டும், பிறகு அல்ல.

இன்னொரு மும்பை ஆய்வையும் சொல்லி முடிக்கிறேன், அது நோய் வராத பெண்களுக்கானது. 1998ல் தொடங்கி, குடிசைப் பகுதிகளில் 35 முதல் 64 வயது வரையான 1,51,538 பெண்களைச் சேர்த்தார்கள். ஒரு பிரிவினருக்கு, பயிற்சி பெற்ற சுகாதாரப் பணிப்பெண்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கையாலேயே மார்பகத்தைப் பரிசோதித்தார்கள். மேமோகிராம் கிடையாது, எந்த மெஷினும் கிடையாது. 2021ல் முடிவு வந்தது: கட்டியை முற்றுமுன்பே கண்டுபிடிக்க முடிந்தது, 50 வயதுக்கு மேற்பட்டவர்களில் இந்த நோயால் ஏற்படும் மரணம் ஏறக்குறைய நூற்றுக்கு முப்பது குறைந்தது. அந்தப் பணிப்பெண்கள் செய்ததை நம் ஊரிலும் செய்யலாம். பெண்கள் மதரஸாவில் ஒரு நாள், பெண் டாக்டரை அழைத்து, பெண்களுக்கு மட்டும் முகாம் நடத்த டிரஸ்ட் நிர்வாகக் குழுவில் பேசியிருக்கிறோம். தேதி முடிவானதும் ஜும்ஆவில் அறிவிப்பு வரும், இன்ஷா அல்லாஹ். வீட்டில் இருக்கும் பெண்களிடம் சொல்லிவிடுங்கள்.

கையில் படிவத்தோடு யாராவது குழம்பிக்கொண்டிருந்தால், வெள்ளி தவிர மற்ற நாட்களில் அசருக்கும் மஃரிபுக்கும் இடையே அலுவலகத்தில் இருப்பேன். பெண்கள் தனியாகப் பேச விரும்பினால் நம் பெண் தன்னார்வலர்கள் இருவர் இருக்கிறார்கள். வரும்போது பயாப்சி, ஐ.எச்.சி. ரிப்போர்ட்டுகளையும், படிவத்தின் எல்லாப் பக்கங்களையும் கொண்டு வாருங்கள். கையெழுத்துப் போடாமல் கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்